பேர் போன வீடு

“மாமா, நம்ம சந்தனத்தப் பொண்ணு பாக்க வந்தவுக வண்டி, நீங்க வித்த வீட்டு வாசல்ல போயி நிக்கிது.”

பக்கத்து வீட்டுப் பால்பாண்டி இப்படிச் சொன்னதும் நல்லகண்ணு பதறி எழுந்தார்.

“அங்கன எதுக்குப் போனாக?”

“கூட வரவேண்டிய தரகரு குளிர்காய்ச்சல்ல படுத்துட்டாகளாம். சந்தையில ‘நல்லகண்ணு வீடு எது’ன்னு கேட்டுருக்காக. ஊரே அங்கனதான கையக் காட்டும்?”

உத்தமபாளையத்து வழக்கம் அப்படி. வீட்டை விற்றுவிட்டு வெளியேறினால்தான் அதற்கு உங்கள் பெயரை வைப்பார்கள். நல்லகண்ணு குடும்பம் அதில் வாழ்ந்த காலமெல்லாம், முதலில் கட்டி அவர்களுக்கு விற்றவர் பெயரில் அது ‘சங்கிலி வீடு’. நல்லகண்ணுவின் அப்பா மறுத்து மறுத்துத் தொண்டை வற்றிப் போனார். விளைச்சலுக்கு விலையே இல்லாத ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம், வீட்டை ஷரீப் ராவுத்தருக்கு விற்று வாடகை வீட்டுக்கு வந்தார் நல்லகண்ணு. உடனே அது ‘நல்லகண்ணு வீடு’ ஆகிவிட்டது.

வாங்கியவர் சும்மா இருப்பாரா? வாசலுக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘ஷரீப் மன்ஸில்’, அதாவது ஷரீப் இல்லம், என்று எழுதி வைத்தார். ஊர் அதைப் படிப்பதாக இல்லை. போன வாரம்கூட ஒரு வளையல்காரர், “நல்லகண்ணு வீடுங்களா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

“நல்லகண்ணுக்கு இங்கன என்ன இருக்கு? இனி அந்தப் பேரச் சொல்லிக்கிட்டு எவனும் படியேறக் கூடாது.”

அன்று ராவுத்தர் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

இன்று அந்தப் பேச்சை மாப்பிள்ளை வீட்டு ஓடைப்பட்டிக்காரர்கள் வாங்கினால்? வீடு போன கதையைத் தரகர் அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதில் பயமில்லை. ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில் வாசலிலேயே அவமானப்பட்டால், சகுனம் சரியில்லை என்று வண்டியைத் திருப்பிவிடுவார்கள். மகள் சந்தனம்மாளுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப் போயிருந்தது.

“ஓடுங்க. ராவுத்தரு கால்ல விழுந்தாச்சும் அவுகள இங்கன கூட்டியாங்க,” என்றாள் மனைவி மொக்கம்மாள்.

தோள் துண்டு நழுவியதுகூடத் தெரியாமல் ஓடினார் நல்லகண்ணு.

தெருவில் சத்தமே இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. வாசலில் வில்வண்டி மட்டும் நின்றது, ஆட்களைக் காணோம். வண்டியைக்கூட விட்டுவிட்டு, மனம் நொந்து நடந்தே போய்விட்டார்களோ?

பயந்தபடியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

கூடத்தில் விரித்த புதுப்பாயில் ஓடைப்பட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தம் அடுப்படியில் ஆக்கியதை அவர்கள் தொட மாட்டார்கள் என்பது ராவுத்தருக்குத் தெரியும். அதனால் இளநீர் இறக்கச் சொல்லி, தாமே சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நல்லகண்ணு கையெடுத்துக் கும்பிட்டார். “ராவுத்தரே, தப்பா நெனைக்காதீக. அவுக தெரியாம...”

ஷரீப் ராவுத்தர் அரிவாளைக் கீழே வைத்தார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, வந்தவர்கள் காதுபடச் சொன்னார்:

“என்ன மச்சான் நீங்க? ஒங்க வீட்டத் தேடி வந்தவுகள, நான் ஒத்தையா எம்புட்டு நேரம் கவனிக்கிறது?”