மூன்றாவது வரி

சுமை இறக்கும் தொழிலாளிக்கு வலது தோள் காலையிலிருந்து விண்விண்ணென்று தெறிக்கிறது. இடது கையால் அதைப் பிடித்தபடியே வக்கீல் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இனி மூட்டை தூக்க முடியாது. சின்ன லோடு வண்டி ஒன்று வாங்க வேண்டும். அதற்குக் கடன் கேட்டால், அவர் பேரிலுள்ள பழைய கடன்களைக் காட்டும் கடன் அறிக்கையைப் பார்த்துவிட்டு வங்கி கையை விரித்துவிட்டது. அறிக்கையில் உள்ள தவறுகளை மறுத்து எழுதிக் கொடுக்கும் வக்கீலம்மா சிவப்புப் பேனாவோடு வரி வரியாக இறங்குகிறார். ஜன்னல் வெயில் தாளின் பாதியில் விழுகிறது. மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் எழ, பக்கத்தில் இருக்கும் அவர் மனைவி வீட்டுச் சாவியை அதன்மேல் வைக்கிறாள். "ஃப்ரிட்ஜ் கடன் கட்டி முடிச்சதுக்கு ரசீது இருக்கு, இது போயிடும். இந்தக் கார்டு கடன் இதே பேருள்ள வேற ஆளோடது, இதுவும் போயிடும். மூணாவது, பைக் கடன்?" என்கிறார் வக்கீலம்மா. "எங்ககிட்ட ஏதுங்க பைக்? சைக்கிளுக்குக் காத்தடிக்கவே இவருக்குச் சோம்பல்," என்று மனைவி சிரிக்கிறாள். "எவனோ வாங்கி ஓட்டிட்டு எங்க தலையில கட்டியிருக்கான். அதையும் அடிச்சு விடுங்கம்மா." "உங்களுது இல்லன்னா இங்க கையெழுத்துப் போடுங்க. முப்பது நாளைக்குள்ள கடன் குடுத்தவங்கதான் நிரூபிக்கணும்." பேனா அவர் பக்கம் நீள்கிறது. அவர் அதை வாங்கவில்லை. தோளைப் பிடித்திருந்த கை மெல்ல மடிக்கு இறங்குகிறது. "அடிக்க வேணாம்மா," என்கிறார், மனைவியைப் பார்க்காமல். "இவ தம்பிக்கு நான் வாங்கிக் குடுத்தது. இன்னும் முப்பத்திரண்டாயிரம் பாக்கி."