புல்வெளியில் இறங்கியவர்

"இங்கயே நிறுத்தும்மா. இறங்கி எடுத்தாத்தான் படம் நல்லா வரும்" என்றார் பெரியவர்.

ஜீப்பை ஓட்டி வந்த வழிகாட்டிப் பெண் மறுபேச்சு பேசாமல் பிரேக்கை மிதித்தாள்.

இந்தப் பூங்காவுக்குள் யாரும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அந்த விதி அவருக்குத் தெரியாததல்ல. இங்கேயே ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது முழங்கை நீளக் கேமராவோடு விருந்தாளியாக வந்திருக்கிறார்.

அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

வறண்ட மரக்காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடம் அது. சரிவுக்குக் கீழே சதுப்பு நிலம். கோடை முற்றிவிட்டால் காட்டிலுள்ள அத்தனை வாயும் அந்தச் சேற்றுத் தண்ணீருக்குத்தான் வந்தாக வேண்டும்.

"யானை எதுவும் இல்லையே?"

"கண்ணுக்கெட்டின வரைக்கும் மான்தான் சார்."

பொய்யில்லை. அவர் இறங்கிப் புல்வெளியில் நடந்தார். ஆனால் மான்கள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு எதிரே மூங்கில் புதர் பக்கம் காதைத் திருப்பியிருந்தன. சதுப்பிலிருந்து கொக்குகள் ஒன்றிரண்டாக எழும்பின. காற்று அவர் முதுகில் அடித்து, அவர் வாசனையை நேரே மூங்கிலுக்குள் கொண்டுபோனது.

காட்டை மேஜையில் உட்கார்ந்தே ஆண்ட மனிதருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

அவர் நூறடி நடக்கும்வரை பொறுத்தாள். பிறகு வண்டியைப் பின்னுக்கு உருட்டி, மேட்டு வளைவில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

மூங்கில் முறிந்தது. முதலில் ஒரு குட்டி வெளியே வந்தது. அதன் பின்னாலேயே தாய்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா! வண்டிய எடும்மா! அம்மா!"

சாவி அவள் விரல்களுக்குள்தான் இருந்தது. ஒரு திருப்பு திருப்பினால் அரை நிமிடத்தில் அவரிடம் போய்விடலாம்.

திருப்பவில்லை.

தாய் யானை காதை விரித்தது. புல்வெளி அதிரப் பிளிறியது. கேமரா நொறுங்கும் சத்தம் கேட்டது. அதன்பிறகு அவளை யாரும் கூப்பிடவில்லை.

வயர்லெஸ் கரகரத்தது. நுழைவாயில் காவலாளி.

"என்னக்கா, பிளிறல் சத்தம் இங்க வரைக்கும் வருது? விருந்தாளி பத்திரமா இருக்காரா?"

அவள் யோசிக்கவே இல்லை.

"பலமுறை எச்சரித்தும் கேளாமல், தானாகவே வண்டியை விட்டு இறங்கிவிட்டார். காப்பாற்ற அவகாசம் இல்லை."



"என்னக்கா நீங்க, யாரோ எழுதிக் குடுத்ததப் படிக்கிற மாதிரி சொல்றீங்க?"

எழுதியவர் கீழே புல்லில் கிடந்தார்.

எட்டு வருடங்களுக்கு முன், பாதையில் விழுந்து கிடந்த மரத்தை நகர்த்தச் சொல்லி ஒரு வனக் காவலரை இங்கே இறக்கிவிட்டு, யானை வந்ததும் தான் மட்டும் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனவர், விசாரணை அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்ட வரிகள் அவை.

அவள் புருஷனைப் பற்றி.