விக்ரமுக்கு ஐஸ் பெட்டி

"உன் கார் ஃப்ரிட்ஜ்லயே ரெண்டு பேரு சாப்பாடும் வெச்சிக்கலாமே. தனியா ஐஸ் பெட்டி எதுக்குடா?" என்று விக்ரம் போனில் கேட்டதும், யுவன் உற்சாகமாக விளக்க ஆரம்பித்தான்.

மறுநாள் இருவரும் ஜவ்வாது மலைக்குக் கிளம்புகிறார்கள். இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். சின்ன ஃப்ரிட்ஜில் சாப்பாட்டை நெருக்கி அடைத்தால் உள்ளே காற்று சுற்றாது, குளிர் எல்லா மூலைக்கும் போகாது என்றான் யுவன். ஐஸ் பெட்டிக்கோ கரண்டே வேண்டாம். சுவருக்குள் இருக்கும் நுரை வெளிச்சூட்டைத் தடுக்கும். மீறி நுழைகிற சூட்டைக் கரையும் ஐஸ் இழுத்துக்கொள்ளும். பெட்டி காந்தி ரோட்டுக் கடையிலேயே கிடைக்கும்.

விக்ரம் விடவில்லை. "கோழி வறுவல் ஒரே ஒரு டப்பாடா. ஓரமா வெச்சிடலாம்."

யுவன் வீட்டிலும் கோழி சாப்பிடுவார்கள். தடை கோழிக்கு இல்லை, அது சமைக்கப்படும் வீட்டுக்கு. விக்ரமின் வீடு ஊருக்கு வெளியே காலனியில் இருந்தது.

யுவன் குரலைத் தாழ்த்தினான். "தப்பா எடுத்துக்காதடா. எங்கம்மாவுக்குப் பிடிக்காது."

பக்கத்து அறையில் அம்மா கிருஷ்ணவேணி பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்த ராட்டை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"சரிடா. பெட்டி எடுத்துக்கினு வரேன்" என்றான் விக்ரம். போனை வைத்தபோது யுவனுக்குக் காது சுட்டது. ஆறு வருஷமாகக் கம்பெனி கேன்டீனில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்.

மறுநாள் மலைப்பாதை முழுக்க அவன் ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரைப் பற்றியே பேசிக்கொண்டு போனான். பேச்சை நிறுத்தினால் வேறு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். விக்ரம் வழக்கம்போலக் கிண்டலடித்துக்கொண்டு, சிரித்த முகமாகவே வந்தான். யுவனுக்கு அதுதான் அதிகமாகக் கூசியது.

இரண்டாம் நாள் மதியம் ஃப்ரிட்ஜைத் திறந்தால் குப்பென்று கெட்ட வாடை. கார் ஓடாமல் நிற்கும்போது பேட்டரி ஒரேயடியாகத் தீர்ந்துவிடக் கூடாதென்று அந்த ஃப்ரிட்ஜ் தானாகவே அணைந்துகொள்ளும். எல்லாவற்றையும் விளக்கியவன் இதை மட்டும் மறந்திருந்தான்.

விக்ரமின் பெட்டியில் இன்னும் ஐஸ் மிதந்தது. அதிலிருந்து அவன் ஒரு டப்பாவை எடுத்து, மூடியைக் கட்டியிருந்த சிவப்புப் பட்டு நூலைப் பல்லால் அறுத்தான். வறுவலைச் சூடு பண்ணி, பாதியை ஒரு தட்டில் போட்டு யுவன் பக்கம் நகர்த்தினான்.

"எனக்குப் பசிக்கலடா." வயிறு காந்தியது. தட்டைப் பார்க்காமல் கூடாரத்துக் கயிற்றைப் பார்த்தான் யுவன். "அம்மாவுக்குத் தெரிஞ்சா..."

"சாப்பிடுடா. உங்கம்மா செஞ்சதுதான்."

யுவன் திரும்பிப் பார்த்தான்.

"முந்தாநாள் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தாங்க" என்றான் விக்ரம். அவன் குரலில் கோபம் இல்லை. "எங்கம்மா குடுத்த டீயைக் குடிச்சாங்க. இந்த டப்பாவை அவங்க கையாலயே ஐஸ் பெட்டியில வெச்சாங்க. போகும்போது என்னை ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க."

அடுப்பைத் தணித்துவிட்டு, அதையும் சொன்னான்.

"‘எனக்குப் பிடிக்காதுன்னு நான் எப்பப்பா சொன்னேன்?’"