பாம்பு சிபாரிசு செய்த குளம்

தன் குளம் வற்றிப்போனதால் ஒரு தவளை புது இடம் தேடிக் கிளம்பியது. விசாரிக்காமல் குடியேற அது என்ன இளிச்சவாயா? ஒரு தவளை ராஜா ஆளும் ராஜா குளத்துக்கும், தவளைகள் ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும் ஓட்டுக் குளத்துக்கும் நடுவே, வயிறு புடைக்கப் படுத்திருந்த பாம்பிடம் எட்ட நின்றே கேட்டது.

“அண்ணே, ரெண்டுக்கும் போய் வர்றவர் நீங்க. எந்தக் குளம் தேவலை?”

“ராஜா குளம்தான்டா! நான் உள்ளே போனாலும், ராஜா ‘ஓடு’ன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தனும் அசைய மாட்டான். வரிசையா நிப்பானுங்க. என்ன ஒழுங்கு!”

“ஓட்டுக் குளம்?”

“சே, அதெல்லாம் ஒரு ஆட்சியா? வந்தது பாம்பா, குச்சியான்னு ஓட்டெடுப்பு வைப்பானுங்க. எண்ணி முடிக்கறதுக்குள்ள அடிதடி. ஆளாளுக்கு ஒரு பக்கம் சிதறிடுவானுங்க. அங்க போன அன்னிக்கெல்லாம் எனக்குப் பட்டினிதான்!”

“ஐயையோ, அவ்வளவு மோசமா!” என்று பரிதாபப்பட்டுக்கொண்டே தவளை ஓட்டுக் குளத்தில் குதித்தது.