ஒட்டுப்போட்ட ஜாக்கி

சீட்டுக்கட்டைக் கிழித்தெறியத்தான் செலின் அன்று மொட்டைமாடிக்கு ஏறினாள். கணவன் பெனடிக்டின் கையிலிருந்து பிடுங்கியதில் ஸ்பேடு ஜாக்கி இரண்டாகக் கிழிந்தது. ஆடிக்கொண்டிருந்த நால்வரில் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்துபோனார். "ஆட்டத்தக் கெடுத்துட்டீங்கல்ல, போனவர் கைய நீங்களே ஆடுங்க" என்றார் ஆட்டத்தில் இருந்த சூசை. ஒரு கைதானே என்று உட்கார்ந்தவள் தோற்றாள். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஜாக்கியைத் தானே பசை தடவி ஒட்டி, மறுநாள் எல்லோருக்கும் முந்தி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வருஷம் நான்கு ஆகிவிட்டது. முதுகில் தழும்பு ஓடும் அந்தச் சீட்டு யார் கையில் இருந்தாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். புதுக் கட்டு வாங்கலாம் என்று பெனடிக்ட் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான்.

"கிழிச்சது நான். இத வச்சுத்தான் ஜெயிப்பேன்."

ஏலம் கேட்டவர் தன் துருப்பை யாருக்கும் தெரியாமல் கவிழ்த்து வைப்பதில்தான் அவர்கள் ஆடும் 'இருபத்தெட்டு' ஆட்டத்தின் உயிரே இருக்கிறது; அதில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் பெரிய சீட்டு. இன்று ஏலத்தை உச்சம்வரை ஏற்றிவிட்டு, செலின் அந்த ஜாக்கியையே துருப்பாகக் கவிழ்த்தாள். மூன்று பேரும் தழும்பைப் பார்த்தார்கள்.

எதிரே ஜோடியாக உட்கார்ந்திருந்த பெனடிக்ட் பதறினான். "ஐயோ, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே!"

"தெரியட்டும்" என்றாள் செலின். "சீட்ட இறக்குங்க."