கணையத்துக்கு லீவு

சர்க்கரை அளக்கும் மணிக்கட்டுப் பட்டை காலையிலேயே சொல்லிவிட்டது: "கணையம் களைத்துவிட்டது. இன்றே இன்சுலின் தொடங்கவும்." தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் செண்பகவல்லி ஊசியைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். சேதி கேட்டு அண்ணன் மனைவி இசக்கியம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, இழவு வீட்டுக்கு வந்தவளைப்போல மூக்கைச் சிந்தினாள்.

"கடைசியில ஊசி வரைக்கும் போயிட்டியே தாயி! என் பட்டையுந்தான் போன வருசத்துல இருந்து கத்துது. நான் துணியைச் சுத்தி வாயை அடைச்சிட்டேன்லா?"

"இது கடைசி மருந்துன்னு யாரு சொன்னா மதினி? களைச்சவனுக்குக் கொஞ்சம் லீவு குடுக்கேன், அவ்வளவுதான்."

மழைக்காலம் முடிந்ததும் பட்டை மறுபடி பேசியது: "கணையம் வேலைக்குத் திரும்பிவிட்டது. இப்போதைக்கு ஊசி வேண்டாம்." செண்பகவல்லி கிரேன் ஹாரனை ஓங்கி அழுத்தினாள், துறைமுகத்தில் நின்ற கப்பல்களெல்லாம் பதிலுக்குச் சங்கு ஊதின.

மாலையில், பிரிக்காத அதே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு மதினியின் வீட்டுக்குப் போனாள். இசக்கியம்மாள் தன் பட்டையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். காத்துக் கிடந்ததுபோலப் பட்டை உரக்கச் சொன்னது: "இன்சுலின் தொடங்க இன்னும் நேரமிருக்கிறது."

"பொறவென்ன, அந்தப் பாட்டிலை அங்கிட்டு வையி," என்று கையை நீட்டினாள் மதினி. "ஊசியை எடு தாயி. எனக்கும் லீவு வேணும்."