வெயில் இருக்கும்வரை

பேருந்தில் உட்கார்ந்ததும் போட்டோ வந்துவிட்டது. பள்ளித் தலைமையாசிரியர் அனுப்பியிருந்தார்.

நாற்பது பிள்ளைகள். பள்ளி மொட்டைமாடி. பின்னால் வரிசையாகச் சோலார் பேனல்கள். நடுவில் அவள், கம்பெனித் தொப்பியோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

அவளுக்கே சிரிப்பு வந்தது.

சூரிய மின்சாரம், இன்ஜினியர் படிப்பு என்று பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசுகிறாள். எங்கே போனாலும் பிள்ளைகள் வெயிலில் ஓடும் பொம்மைக் காரைத்தான் பார்ப்பார்கள். இன்றுதான் ஒருத்தி பேனலைப் பார்த்தாள்.

செண்பகவல்லி. ஒன்பதாம் வகுப்பு. கேள்வி கேட்டே துளைத்துவிட்டாள். மூலையில் இரண்டு வயரை அணில் கடித்துச் செம்பு தெரிகிறது என்று கண்டுபிடித்ததும் அவள்தான்.

"மூணு தடவ எழுதிப் போட்டாச்சு மேடம். ஒரு ஆளும் வரல" என்று தலைமையாசிரியர் குறைப்பட்டார்.

"ஆள் எதுக்கு சார்? இனிமே இவதான் உங்க ஸ்கூல் இன்ஜினியர்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். பிள்ளைகள் விசிலடித்தார்கள். பரிசு கொடுக்கலாமே என்று பையைத் துழாவினாள். கைக்கு அகப்பட்டது ஒரு சுருள் இன்சுலேஷன் டேப்.

செண்பகவல்லி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

போட்டோவில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். செண்பகவல்லி மட்டும் அவளைப் பார்க்கிறாள். வாய் பாதி திறந்திருக்கிறது.

ஏதோ கேட்டாளே.

என்ன கேட்டாள்?

பேருந்து பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது.

"அக்கா, மெயின ஆஃப் பண்ணிட்டா பேனல் வயரத் தொடலாம்லக்கா?"

கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டியிருந்தாள்.

அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டில் மெயினை அணைத்தால் வயரில் ஒன்றும் இருக்காது. பேனல் அப்படியில்லை. வெயில் இருக்கும்வரை அந்த வயரில் மின்சாரம் இருக்கும். எந்தச் சுவிட்சுக்கும் அது அடங்காது. பதினைந்து பேனல், அறுநூறு வோல்ட். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஏழு வருடமாகச் செய்கிற வேலை.

போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை.

மறுபடி போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

காலையில் மேகம் வந்து, பொம்மைக் கார் ஓடாமல் மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று இருக்கிற சாமியையெல்லாம் கும்பிட்டிருந்தாள். இப்போது ஜன்னல் வழியே ஒரே ஒரு மேகத்தைத் தேடினாள். மணி இரண்டு. கரிசல்காடு முழுக்க வெயில்.

மூன்றாவது தடவை தலைமையாசிரியர் எடுத்தார்.

"மேடம்! ஆயுசு நூறு உங்களுக்கு. இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்."

"செண்பகவல்லி எங்க சார்?"

"எங்கயா? மாடியிலதான். நீங்க குடுத்த டேப்ப எடுத்துக்கிட்டு ஏறிட்டாள்ல. பிள்ளைக பூராம் கீழ நின்னு வேடிக்க பாக்குது."

"இறக்குங்க சார்! தொட வேணாம்னு சொல்லுங்க!"

டிரைவர் ஹாரனை அழுத்தினார். முன்னால் ஆட்டு மந்தை. கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"சரியாக் கேக்கல மேடம். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. மெயின நானே எங்கையால ஆஃப் பண்ணிட்டேன். இருங்க, பிள்ளைக கை தட்டுறத நீங்களே கேளுங்க."

போனை நீட்டிப் பிடித்தார் போலிருக்கிறது.

கைதட்டல் கேட்டது. நாற்பது பிள்ளைகளின் கைதட்டல்.

அவள் கத்தினாள். பேருந்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கைதட்டல் நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாக அல்ல. ஒரேயடியாக.

"சார்" என்றாள்.

வெளியே வெயில் அப்படியே இருந்தது.